குழாய்க்குக் கீழே இரண்டு

மார்ச் 9, ஞாயிறு. தவறு: ஓடையில் குழாய்க்குக் கீழே எடுத்த கணக்கில் 'நத்தை – 1' என்று எழுதிவிட்டேன். அது வெறும் ஓடு. அடித்துத் திருத்தி, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் டைரி எப்போதும் தவறிலிருந்துதான் தொடங்கும். பகலில் மருந்துக்கடையில் காலாவதித் தேதி பார்த்துப் பெட்டிகளை அடுக்குகிற வேலை. மாலை ஆறு மணிக்குக் கல்லூரி. இரண்டுக்கும் நடுவே பேருந்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எங்கே பிசகினோம் என்று யோசித்துப் பார்ப்பாள். யாரும் கேட்காமலே தன்மேல் தானே குற்றப்பத்திரிகை எழுதிக்கொள்கிறவள் என்று அவளுடைய அக்கா சொல்வதுண்டு.

மாலை வகுப்பின் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் நாற்பது மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சுற்றுச்சூழல் பாடம் நடத்த வேண்டும். நடத்தியதாக ஒருங்கிணைப்பாளர் கையெழுத்திட்டால்தான் பரீட்சை எழுதலாம். அவளுக்கு வாய்த்தது ஆறு பிள்ளைகளும் கல்லூரிக்குப் பின்னால் ஓடும் ஓடையும். வலையை ஓடையின் அடிமண்ணில் ஒரு நிமிடம் அளைந்து, அள்ளியதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, எத்தனை வகை உயிர் என்று எண்ண வேண்டும். உயிரோடு இருப்பதை மட்டுமே எண்ணலாம். எண்ணி முடித்ததும் தாளின் கீழே ஆறு பேரும் கையெழுத்துப் போடுவார்கள், கடைசியாக அவள்.

ஓடையின் நடுவாக்கில், கல்லூரி விடுதியின் கழிவுநீர்க் குழாய் கரையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதலில் அதற்கு மேலே எண்ணினார்கள். தட்டானின் இளம்புழு, நீர்த்தேள், தலைப்பிரட்டை, நகக்கண் அளவு இறால் என்று பதினொரு வகை. பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறகு இருநூறு அடி தள்ளி, குழாய்க்குக் கீழே வலையைப் போட்டார்கள். தட்டில் கறுப்புச் சேறு. அதில் சிவப்புப் புழு ஒரு கொத்தும் வால் நீண்ட புழு நாலைந்தும் நெளிந்தன. அவ்வளவுதான். பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல், ஓரத்தில் கிடந்த ஓட்டைப் பார்த்ததும் அவள் அவசரமாக நத்தை என்று எழுதினாள்.

"அக்கா, அது காலி" என்றது வக்கீல். பன்னிரண்டு வயதுப் பெண். எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர்.

"உள்ள சுருங்கி இருக்கும்டா."

"ஊதிப் பாத்தேன்கா. விசில் வருது."

"வாயிலயா வச்சே?"

"தொடச்சுட்டுத்தான் வச்சேன்."

அவள் அந்த வரியை அடித்தாள். அடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் வக்கீல் கையெழுத்துப் போட்டாள். பெயருக்குக் கீழே இரண்டு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

புதன்கிழமை வகுப்புக்கு முன் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டனுப்பினார். திருத்தாத விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே அவளுடைய இரண்டு தாள்களும் கிடந்தன. சார் கெட்டவர் இல்லை. போன வருடம் அவள் காய்ச்சலில் படுத்தபோது, வருகைப் பதிவு போதாமல் போகாதபடி பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

"என்னம்மா, தாள்ல இவ்வளவு பெரிய அடித்தல்? ஞாயித்துக்கிழமை பசுமை வளாகச் சான்றிதழ் குடுக்கக் குழு வருது. நாலு பேர். இதையா பலகையில ஒட்டுறது? புதுசா ஒண்ணு எழுதிக் குடு."

"எழுதித் தரேன் சார். கணக்கு அதேதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நத்தை இருந்துட்டுப் போகட்டும். மேல கிடைச்சதுல ஒரு ஆறு வகையக் கீழயும் சேத்துக்கோ. ஒரே தண்ணிதானே ஓடுது. பூச்சி என்ன, நம்ம குழாயப் பாத்ததும் திரும்பிப் போயிடுமா?"

"திரும்பிப் போகல சார். செத்துப்போகுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தப்பா எழுதிட்டேன்னு நீயே கைப்பட எழுதி வச்சிருக்கே. ஒண்ணு தப்புன்னா, மிச்சமெல்லாம் சரின்னு எதை வச்சும்மா சொல்றது?"

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போதுதான் காது சூடேறியது. தவறைச் சொன்னவள் பொய்க்காரி. குழாயை விட்டவர்களுக்குச் சான்றிதழ். அதற்கு மேல் கோபப்படவும் பயமாக இருந்தது. உண்மையிலேயே வலையைச் சரியாகப் போடவில்லையோ? ஒரு நிமிடம் முழுதாக அளைந்தோமா?

வீட்டில் அக்கா மருத்துவமனைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"பூச்சி வந்து உனக்குச் சாட்சி சொல்லப்போகுதா? ஆறு வரி எழுதிட்டுப் பரீட்சையப் பாரு. மூணு வருஷமா பஸ்லயே தூங்கிப் படிச்சிருக்கே."

"பசங்க ஆறு பேரும் பலகை பக்கத்துல நின்னு, வர்றவங்களுக்கு வாசிச்சுக் காட்டணுமாம்கா."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாரு, அந்த வக்கீலா?"

"ஆமா."

"அவ வாசிக்க மாட்டாளே."

சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே அவள் ஓடைக்குப் போனாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம், மூன்று இடத்தில் அளைந்தாள். குழாயிலிருந்து வெதுவெதுப்பாகச் சோப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நுரை கரையோரப் புல்லில் ஒட்டி, காற்றுக்கு நடுங்கியது. தட்டில் எதுவாவது அசையாதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். தான் பிசகியிருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள். பிசகியிருந்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடலாம். மூன்று தட்டிலும் அதே இரண்டு வகைப் புழு. அன்று முழுவதும் கடையில் பெட்டிகளைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். முதலாளி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

மாலை கல்லூரிக்குப் போனபோது முன்கூடத்தில் பலகை தயாராக நின்றது. குழாய்க்குக் கீழே எண்ணிய தாள் புதிதாக அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தது. ஒன்பது வகை. நத்தைக்குப் படமே போட்டிருந்தார்கள். கீழே ஆறு கையெழுத்து. ஆறும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில். வக்கீலின் பெயருக்கு அடியில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. கடைசி இடம் அவளுக்காகக் காலியாக இருந்தது.

"வந்துட்டியா" என்றபடி சார் பேனாவை நீட்டினார். "போட்டுடும்மா. உன் நாப்பது மணி நேரத் தாளும் கையிலயே வச்சிருக்கேன். ரெண்டையும் ஒண்ணா முடிச்சுடலாம்."

"பசங்க கையெழுத்த யார் சார் போட்டது?"

"ஆபீஸ்ல யாரோ. சின்னப் பசங்க கையெழுத்துல என்னம்மா இருக்கு?"

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் குனிந்து எழுதிய கையெழுத்து. முதன்முதலாக எழுதிய கையெழுத்து என்று இரண்டு பேர் சொன்னார்கள். பெரியவர்கள் போடுவது மாதிரி இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளைத்தான் நாளைக்கு இங்கே கொண்டுவந்து, பார்க்காததைப் பார்த்தோம் என்று சொல்ல நிறுத்தப்போகிறார்கள். பொய் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வகுப்பு. அதற்கு ஆசிரியை அவள்.

பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"நாளைக்குப் போடுறேன் சார். குழு பாத்துட்டுப் போனப்புறம்."

"ஏன், இன்னைக்குப் பேனா எழுதாதா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் தன் கையிலிருந்த தாளை மெதுவாக நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மார்ச் 15, சனி. தவறு: பிள்ளைகளின் பெயரில் போட்ட கையெழுத்தை நீக்கச் சொல்லிச் சாரிடம் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாளை: எட்டேகாலுக்குக் கல்லூரி வாசல். பிள்ளைகள் வந்ததும் முன்கூடத்துக்குப் போகாமல் நேராக ஓடைக்கு. குழு வருவது பத்து மணிக்கு. அதற்குள், அவர்களும் ஓடையில் இறங்கி எண்ண, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஐந்து ஜோடி வேண்டும்: குழுவினர் நால்வர், சார் ஒருவர். கிடைக்கும் இடம்: துப்புரவுப் பணியாளர் அறை, எட்டரைக்குத் திறப்பார்கள். கால் அளவு தெரியாது. பெரியதாகவே கேட்க வேண்டும்.