ஜாடியின் நிழல்

வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவது தையல்காரிக்கு எப்போதுமே தண்டனைதான். அன்றைக்கு அது தூக்குத் தண்டனையாகவே இருந்தது.

நூலகத்து மாடி அறையில் சனிக்கிழமைதோறும் கூடும், துணித்துண்டுகளை இணைத்துப் படம் தைக்கும் குவில்ட் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. தைத்தவர் தான் தைத்த படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பேசாமல் உட்கார வேண்டும். எல்லோரும் குறை நிறை சொல்லி முடித்த பிறகே அவர் வாயைத் திறக்கலாம். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவதி யாரோ, அவளுக்கு நாத்தனார் இருந்திருக்க மாட்டாள்.

சுவரில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளை ஜாடி, மூன்று எலுமிச்சை, ஜாடிக்குப் பக்கத்தில் சாய்ந்து விழுந்த நிழல். வண்ணம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, எல்லாம் துணி. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு வைத்து, மூன்றையும் சேர்த்துப் பொடித் தையல் ஓட்டியிருந்தாள். பேண்ட் நீளம் குறைக்க வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று விரட்டிவிட்டு இரண்டு மாதம் செய்த வேலை.

வினை அந்த நிழலில்தான் வந்தது. வாங்கி வந்த எந்தச் சாம்பல் துணியும் நிழலாகவில்லை. மேசையில் ஓட்டை விழுந்ததுபோலத்தான் இருந்தது. பத்து நாளைக்கு முன் ஒரு மத்தியானம், கதவுக்குப் பின்னால் தொங்கும் வெட்டுத்துணிப் பையில் கையை விட்டாள். சுருட்டி வைத்த ஏதோ ஒன்றின் ஓரம் கையில் வந்தது. நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம். அடடா, இதைத்தானே தேடினோம் என்று கத்தரியால் வெட்டிவிட்டாள். மிச்சத்தை விரித்த பிறகுதான் சட்டைப்பையும், அதில் பேனா கசிந்த கறையும் தெரிந்தன.

அது நாத்தனாரின் சீருடை. நர்ஸ் வேலையின் கடைசி நாளில் போட்டிருந்தது. போன வருஷம் இவர்கள் வீட்டோடு வந்துவிட்டபோது, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே மடித்துக் கொண்டுவந்தது. துவைக்கப் போட வேண்டியதைப் பை மாறிப் போட்டுவிட்டாள் போல. மாறாதா பின்னே? சலவைப் பையையும் வெட்டுத்துணிப் பையையும் ஒரே துணியில் தைத்த புத்திசாலி தையல்காரியேதான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தினமும் சொல்ல வருவாள், மென்று முழுங்கிவிடுவாள். முதல் ஆறு மாதம் இரண்டு பேருக்கும் நடுவே "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. இந்தக் கூட்டத்துக்குச் சேர்ந்து வர ஆரம்பித்த பிறகுதான் சிரித்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அது போய்விடுமே என்று தையல்காரிக்குப் பயம்.

ரொட்டிக்கடைக்காரர் ஆரம்பித்தார். "எலுமிச்சை முட்டை மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

"மேசை இந்தப் பக்கமா சரியுது," என்றாள் பஸ் ஓட்டும் அம்மாள். "ஆனா அந்த நிழல் இருக்கே, அதுதான் உயிர். என்ன துணி அது?"

தையல்காரி வாயைத் திறந்தாள். ரொட்டிக்கடைக்காரர் விரலை ஆட்டினார். "ஊஹூம். சட்டம்."

மிச்சம் நாத்தனார் ஒருத்திதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்கிட்டே போனாள். ஊசி போட நரம்பு தேடுகிற மாதிரி நிழலை விரல் நுனியால் தடவினாள். நின்றாள். மறுபடி தடவினாள்.

"இது என் யூனிஃபார்ம்."

சட்டமாவது மண்ணாவது என்று தையல்காரி எழுந்துவிட்டாள். "அக்கா, தெரியாம வெட்டிட்டேன். நீங்க துவைக்கப் போட்டது பை மாறி..."

"மாறலை. நான்தான் அந்தப் பையில போட்டேன்."

"எதுக்குக்கா?"

"மூணு தடவை கத்தரியை எடுத்தேன், கை வரலை. தூக்கிப் போடவும் மனசு வரலை. நீ கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அதான் பையில போட்டுட்டு, அந்தக் கதவுப் பக்கமே திரும்பாம இருந்தேன்."

தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்லைக்கா."

"அதான் பார்த்தேன், ரெண்டு நாள் உப்பே போடாம சமைச்சே." நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "இப்ப என் குறையைச் சொல்லலாமா? நிழல் ரொம்பச் சுத்தமா இருக்கு. ஜாடி மேசையைத் தொடுற இடத்துல கொஞ்சம் இருட்டு வேணும். இல்லேன்னா அது அந்தரத்துல நிக்கும். அந்தக் கறை எங்கே?"

"கறையா?"

"பாக்கெட்ல இருந்த மைக்கறை. எத்தனை தடவை துவைச்சும் அது ஒண்ணுதான் போகலை." அவள் குரல் லேசாக இறங்கியது. "அதைத் தூக்கிப் போட்டுட்டியா?"

தையல்காரி கைப்பையைத் திறந்தாள். வீட்டில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று பத்து நாளாகக் கூடவே சுமந்த சட்டைப்பை, சாவிக்கும் கைக்குட்டைக்கும் நடுவே கிடந்தது. நாத்தனார் அதை வாங்கி, கறையை ஜாடியின் அடியில் வைத்துப் பிடித்தாள். ஜாடி மேசைமேல் உட்கார்ந்துவிட்டது. மேசை சரிகிறது என்று சொன்ன அம்மாள்கூடத் தலையாட்டினாள்.

"எல்லாரும் சொல்லியாச்சு," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "இப்ப நீங்க பேசலாம்."

தையல்காரி கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்துப் பிடியை நாத்தனார் பக்கம் திருப்பி நீட்டினாள். நாத்தனார் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு வாங்கி, கறையைச் சுற்றி நிதானமாக வெட்டினாள்.