ஐஸில் ஆறாத சூரை

1

எழுந்தேன். பல் தேய்த்தேன். தேநீர் போட்டுக் குடித்தேன். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். மீன் ஆலைக்குப் போனேன்.

பேருந்தில் போன் வந்தது. என் மாமியார்; இறந்துபோன மனைவியைப் பெற்றவர்.

"மாப்ள, அவ கடைசியா என்னதான் சொன்னா? இன்னைக்காவது சொல்லுங்க."

அப்புறம் கூப்பிடுவதாகச் சொன்னேன். கூப்பிடாமல் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

2

எலிச்சூரை மீன் முழங்கை நீளம்தான். வெதுவெதுப்பான கடல்களில் கூட்டமாகத் திரியும். நீந்துவதை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும். செத்த பிறகும் உடம்பின் நடுவில் சூடு தங்கும். நான் வெப்பமானிக் கம்பியை முதுகெலும்பு வரை குத்திப் பார்ப்பேன். சூடு இறங்காததை அடுத்த மேசைக்கு விடமாட்டேன்.

(இந்தப் பத்தி தேவையா? எனக்குத் தெரிந்தது இதுதான்.)

3

ஐஸ் பெட்டியின் அடியில் ஒரு சூரை. முப்பத்தேழு டிகிரி. ஐஸை மாற்றினேன். மறுநாளும் முப்பத்தேழு.

"மீட்டர் செத்துப்போச்சுய்யா," என்று மேற்பார்வையாளர் வேறொன்றைக் கொண்டுவந்தார். குத்தினார். பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"தூக்கிப் போட்டுடு. என்னக் கேக்காத."

போடவில்லை. கையில் எடுத்தேன். அந்தச் சூடு எனக்குப் பழக்கமான

(இந்த வாக்கியம் இங்கேயே கிடக்கட்டும்.)

4

மனைவி இறந்த அன்று, எல்லாம் முடிந்த பிறகுதான் மாமியார் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். மகளின் கையைப் பிடித்தார்.

"சூடாத்தான இருக்கு? சரியாப் பாருங்க மாப்ள. உங்க வேலையே இதுதான?"

பார்த்தேன். நடுவில் சூடு இருந்தது. அவளைக் கொண்டுபோக வந்தவர்களிடம், "இன்னும் இறங்கல, நில்லுங்க," என்றேன். ஆலையில் சொல்வதுபோலவே சொன்னேன். அவர்களும் நின்றார்கள்.

5

ஒரு முடிவு: மீன் வாய் திறந்து அவள் குரலில் பேசுகிறது. கோடு போட்டு அடித்துவிட்டேன். மலிவு.

இன்னொன்று: 'எங்கம்மாவப் பாத்துக்கோ' என்று சொன்னாள் என்கிறேன், மாமியார் அழுது தூங்கிப்போகிறார். எழுதிப் பார்த்தேன். அவள் வாயில் அந்தப் பேச்சு வராது. பெற்றவருக்கு அது தெரியாதா?

மீன் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதற்கு ஒரு முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னால் ஆகவில்லை.

மாமியாரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்:

"ஃபேன நிறுத்துன்னு எத்தன வாட்டி சொல்றது? குளிருதுப்பா."