இழுத்து வாசித்த இடம்

ஜெயபிரகாஷ் மூன்றாவது தடவை கத்தியதும் சமையலறையில் அவன் மனைவி பிரீத்தி மிக்ஸியை நிறுத்தினாள். அமெரிக்காவில், டாலஸ் பக்கத்துக் காப்பெல் ஊரில் இருந்த அந்த வீட்டுச் சுவர்கள் அட்டை மாதிரி. எதையும் மறைக்காது.

"இழுக்காதேன்னு சொன்னனா இல்லையா? மெட்ரோனோம் ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போற!"

பியானோ மேல் தாளக்கருவி மெட்ரோனோம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மகள் தென்றல் பியானோவை விட்டுத் திரும்பவில்லை. பதினைந்து வயது. நாளை டாலஸில் போட்டி. இசையமைப்பாளர் லிஸ்ட் எழுதிய ஹங்கேரிய இசைத்துண்டு. தொடக்கம் மெதுவாக, பிறகு வெறிபிடித்த ஓட்டம். இரண்டு மாதமாக அவள் ஐரோப்பிய நாடோடிகளான ரோமானி வயலின்காரர்களின் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் ஒரே சுரத்தில் மூச்சு முட்டும்வரை தொங்குவார்கள். பிறகு பாய்வார்கள். அவளும் அப்படியே வாசித்தாள்.

"லிஸ்ட் காட் இட் ஃப்ரம் தெம், அப்பா. தே டிட்ன்ட் யூஸ் எ மெட்ரோனோம்."

"ஊர் ஊரா அடிச்சுத் துரத்தின கூட்டம். அவங்களா வந்து உனக்கு மார்க் போடப் போறாங்க?"

"தே கெப்ட் ப்ளேயிங்."

மறுபடி அதே சுரத்தில் தொங்கினாள். மெட்ரோனோம் நான்கு தடவை அடித்தது. ஐந்து. ஆறு. ஜெயபிரகாஷ் கட்டைகளின் மேல் மூடியை அறைந்து சாத்தினான். அது முழுக்க மூடவில்லை. இடையில் அவள் வலது கை இருந்தது. அவள் கத்துவதற்குள் இன்னொரு முறை அழுத்தினான். முதலாவதைக் கைதவறியது என்று சொல்லலாம். இரண்டாவதை அவனாலேயே அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போனபோது இரண்டு விரல்கள் ஊதிக் கறுத்திருந்தன. நடுவிரல் கோணிக்கொண்டு நின்றது. பிரீத்தி வெளியே இன்சூரன்ஸ் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எப்படி ஆனது என்று நர்ஸ் கேட்டாள்.

மூடி நழுவி விழுந்துவிட்டது என்று ஜெயபிரகாஷ் முந்திக்கொண்டான்.

நர்ஸ் தட்டச்சை நிறுத்தினாள். பிள்ளை சொல்லட்டும் என்றாள்.

அவன் மகளின் காதோரம் குனிந்தான். "தங்கம், தானா விழுந்துச்சுன்னு சொல்லிரு. போலீஸ் வந்துரும். கிரீன் கார்டு போயிரும். அப்பாவ உள்ள வச்சிருவாங்க. சும்மா தலைய ஆட்டு, போதும்."

நர்ஸுக்குப் புரியாது. பதினைந்து வருடமாகக் கடையிலும் விமான நிலையத்திலும் அந்த வீட்டு ரகசியமெல்லாம் இப்படித் தமிழில்தான் போயிற்று. போனதே தவிர, திரும்பி வந்ததில்லை. தமிழில் கேட்டதற்குத் தென்றல் ஒருநாளும் தமிழில் பதில் சொன்னதில்லை. பயத்தில் அது அவனுக்கு மறந்துவிட்டது.

கட்டிலருகே நாடித்துடிப்பு மானிட்டர் நான்கு தடவை அடித்தது. ஐந்து. ஆறு.

"நோ, அப்பா. ஐ வோன்ட் சே இட் ஃபெல். யூ ஸ்லாம்ட் இட். தென் யூ புஷ்ட் இட் அகெய்ன்."

நர்ஸ் எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். ஜெயபிரகாஷுக்குக் கதவைக் காட்டினாள்.