மீதி அடுத்த பக்கம்

ஹால் டிக்கெட் படத்தையும் முகத்தையும் பரீட்சைக் கண்காணிப்புக்கு வந்த ஷர்லி மேடம் மூன்றாம் தடவை ஒத்துப் பார்த்தபோதே உதயசூரியன் கைகளைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயது, காய்த்துப் போன கை, ஆங்கில இலக்கியப் பரீட்சை. ஆள்மாறாட்டம் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அறந்தாங்கி நெல் குடோனில் மூட்டை தூக்குகிறவர் அவர். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகி, தபால் வழியில் பி.ஏ. வரை வந்திருந்தார். "ஏண்ணே, இங்கிலீசு பேசுனா மூட்டை வெயிட்டு கொறையுமா?" என்று கூட வேலை செய்கிற லக்ஷ்மணன் தினமும் கேட்பான். பதில் சொல்ல அவருக்கு வாய் ஒழியாது. கைடில் உள்ள கட்டுரையை நடைக்கு ஒரு வரியாக முணுமுணுத்துக்கொண்டிருப்பார். லாரியடியில் மூட்டை முதுகில் ஏறும்போது தொடங்கும் வரி, குடோனில் இறக்கும்போது முடியும்.

இது கடைசிப் பேப்பர். தேறினால் பட்டம். காப்பி என்று பிடித்தால் மூன்று வருஷம் பரீட்சைப் பக்கமே வர முடியாது.

கட்டுரை பாதி ஓடியிருந்தது. மேடத்தின் விரல் தாளில் வந்து நின்றது. பக்கத்தின் நட்ட நடுவில் 'மீதி அடுத்த பக்கம்' என்று உதயசூரியன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

"பிட்டு எங்க?"

இல்லை என்றார். மேடம் எழச் சொன்னார். சட்டைப்பை, பேனா டப்பா, பெஞ்சுக்கு அடி எல்லாம் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே மேடத்தின் சந்தேகத்தைக் கூட்டியது. பார்க்காமல் எழுதியவர் இதை எதற்கு எழுதினார் என்று கேட்டார்.

"கைடுல அடியில இருந்துச்சு மேடம். கட்டுரையில சேந்ததுன்னு நெனச்சிட்டேன். அதுக்கும் ஒரு மூட்டை தூக்கியிருக்கேன்."

மேடம் அடுத்த வரியைச் சொல்லச் சொன்னார். வரவில்லை. நடுவிலிருந்து அவருக்கு எப்போதும் வராது. மேடத்தின் கை தாளை எடுக்கப் போனது. முதலில் இருந்து சொல்லட்டுமா என்று கெஞ்சிக் கண்ணை மூடினார். நின்ற இடத்திலேயே கால்கள் மாறி மாறி நடை போட்டன. எழுதிய பாதியும் வந்தது, எழுதாத பாதியும் வந்தது.

"கட்டுரையில வர்ற கதை என்னங்க அது? ஒங்க வார்த்தையில சொல்லுங்க."

"காணாமப் போன தெசைகாட்டிக் கருவியக் கேட்டு, கப்பல் தலைவரு ஒவ்வொருத்தனாச் சந்தேகப்பட்டுக் கடல்ல தள்ளுறாரு மேடம். கடைசியில அது அவரு பொட்டியிலயே கெடக்கு."

 மேடம் தாளை எடுக்காமல் அவர் பக்கமே தள்ளிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. உதயசூரியன் பேனாவை எடுத்தார். இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனதில் இருக்கிற மீதி வரிகளில் கட்டுரைக்குச் சேராதது இன்னும் எத்தனை கிடக்கிறதோ? அந்த வரிகளை எழுதாமலே விட்டார். கப்பல் தலைவர் பெட்டியைத் திறக்கும் இடத்தை, தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் தடவித் தடவி, நாலே வரி எழுதினார். மணி அடித்தது.