பசுமைப் புயலுக்குப் பட்டுப் போர்த்தினார்கள்

எங்கள் கல்லூரியின் பந்தயக் காருக்குப் 'பசுமைப் புயல்' என்று பெயர் வைத்தவர் சேர்மன் கலியாணசுந்தரம். பேட்டரியில் ஓடும், பொட்டுப் புகை விடாது, மாணவர்களே வடிவமைத்தது என்று மேடை கிடைத்த இடத்திலெல்லாம் முழங்கினார். அந்தப் பேட்டரிக்கு நாங்கள் சார்ஜ் ஏற்றியது டீசல் ஜெனரேட்டரில். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் அது கரும்புகை கக்கிக்கொண்டு நாள் முழுக்க உறுமும். முன்னால் புகையில்லாத காரோடு நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். இதை எடுத்துச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான், அதற்கு இப்போது என்ன.

என் பெயர் இளவரசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பெண், எலக்ட்ரிகல் இறுதியாண்டு. காரில் பேட்டரி என் பொறுப்பு. செல்களை அடுக்கி, செம்புப் பட்டைகளால் இணைத்து, நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கி, முடுக்கிய நட்டின் தலையில் சிவப்பு மார்க்கரால் புள்ளி வைத்து மூடி போட்டவள் நான். டீமில் இருபது பேர் என்று பேனர் சொன்னது. பேனரில் நிற்க இருபது பேர் வந்தார்கள் என்பது உண்மைதான். வேலை செய்ய வந்தவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம், டிரைவர் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும்.

கேப்டன் தினகரன், சேர்மனின் மகன். காருக்குச் சக்கரம் வருவதற்கு முன்பே அவனுக்கு ரேஸ் உடுப்பு வந்துவிட்டது. சித்திரை வெயிலில் அதைக் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருப்பான். வியர்வை சொட்டும், கழற்ற மாட்டான். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் சிவராஜ் சாரிடம் எந்தச் சந்தேகம் கேட்டாலும் ஒரே பதில்தான்: சேர்மன் சாரிடம் கேட்டுச் சொல்கிறேன். சேர்மன் பட்டுக்கடை முதலாளி. பேட்டரியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது கறுப்பாக இருக்கும் என்பது மட்டும்.

இத்தனை கூத்தையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் கோயம்புத்தூர். போட்டி அங்கே. ஒவ்வொரு டீமிலும் மின்சாரத்துக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பார். காருக்கு மின்சாரம் கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் ஒருவர்தான், நடுவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர்தான். வண்டி செய்யும் கம்பெனிக்காரர்கள் அங்கே வந்து நின்று பேச்சைக் கேட்டு ஆள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் கல்லூரிக்குள் வரும் கம்பெனிகள் போன் பேசத்தான் ஆள் எடுக்கும். எனக்கு அந்தக் கோயம்புத்தூர் இடம் வேண்டும். சோறு தண்ணி மறந்து ஆசைப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

போட்டிக்கு முந்தின வாரம் அறிமுக விழா. காரைத் துணியால் மூடிவைத்து, விருந்தினர் முன்னால் விலக்கிக் காட்டுவது எல்லா ஊரிலும் வழக்கம். எங்கள் சேர்மனுக்குச் சாதாரணத் துணி ஆகுமா? காஞ்சிபுரத்துக் காருக்குப் பட்டுப்புடவைதான் போர்த்த வேண்டும் என்று தன் கடையிலிருந்தே ஒன்றை எடுத்துவந்தார். உடல் முழுக்க ஜரிகை, முந்தானையில் நூலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மனுக்குச் சாத்துவதைப்போல அதைக் காருக்குச் சாத்தினார்கள். குருக்கள் வந்தார், மாலை வந்தது, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வந்தது. பந்தயக் காருக்கு இவ்வளவு மரியாதை செய்தவர்கள் அதன் பிரேக்குக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியிருக்கலாம்.

அன்று காலை நான் கடைசியாக நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தினகரன் காருக்கு அடியில் நீல விளக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறான். ரீல்ஸில் நன்றாக இருக்குமாம். அதற்கு வயரை என் பேட்டரிப் பெட்டியிலிருந்து இழுத்திருந்தான். கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் போய் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவனுடைய உடுப்பு, அவனுடைய அறிவு, அவன் கேப்டனான வரலாறு எதையும் விட்டுவைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள், எனக்கும் உற்சாகமாகிவிட்டது. பிறகு அந்த வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மீதி நட்டுகளை முடுக்கி முடித்தேன். அதற்குள் சிவராஜ் சார் வந்து, விருந்தினர் பேட்டரியைப் பார்க்க வேண்டுமாம், மூடி போடக் கூடாதாம், சேர்மன் சொல்லிவிட்டார் என்றார். முடியாது என்றேன். நான் சொன்னதை யார் கேட்டார்கள்? மூடியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

முன்வரிசையில் காந்தி ரோடு பட்டு வியாபாரிகளும் சேர்மனின் பெரிய வாடிக்கையாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தினகரன் காருக்குள் ஏறி உட்கார்ந்தான். சேர்மன் புடவையின் தலைப்பைப் பிடித்து இழுக்க, அதே நேரத்தில் அவன் ஸ்டார்ட் பொத்தானை அழுத்த, டப்பென்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு வெளிச்சம். பசுமைப் புயலிலிருந்து கரும்புகை கிளம்பியது. முதலில் ஓடியவர் குருக்கள், தட்டோடு. அடுத்தவன் கேப்டன். நான் ஓடிப்போய் மெயின் பிளக்கைப் பிடுங்கினேன். யாருக்கும் அடிபடவில்லை. புடவையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய ஓட்டை. அதை சேர்மன் சட்டென்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மகன் பத்திரம் என்று தெரிந்ததும் மைக்கைப் பிடித்தார். பேட்டரி வேலை பார்த்த பெண்ணின் கவனக்குறைவு என்றார். கோயம்புத்தூருக்கு வேறு பேட்டரியும் வேறு ஆளும் போகும், கல்லூரியின் மானத்தைக் காப்பாற்றுவோம் என்றார். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை, பேட்டரிப் பெண்ணாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேடையில் ஏறிவிட்டேன்.

"பேட்டரி மேல தப்பு இல்ல சார். மூடியத் தொறந்து வெச்சி, அது மேல ஜரிகைப் புடவையப் போத்திட்டீங்க. ஜரிகைன்றது வெள்ளி. வெள்ளில கரண்ட் பாயும். நீங்க இழுக்கசொல்லோ புடவை பேட்டரியோட ரெண்டு முனையிலயும் பட்டுச்சி, வெடிச்சிடுச்சி."

சேர்மன் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "புடவைல கரண்ட் பாயுமாம்பா. இன்னாமா பேசிக்கினு இருக்கற நீ?"

"ஒரிஜினல் ஜரிகைனா பாயும் சார். பாயலன்னா அது பிளாஸ்டிக்."

மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னதால் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். இந்த ஊரில் ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்லலாம், கேட்டுக்கொண்டு போய்விடுவான். அவன் ஜரிகை பிளாஸ்டிக் என்று சொல்லக் கூடாது. முன்வரிசை வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் தன் முந்தானையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், அது சேர்மன் கடைப் புடவையாக இருக்க வேண்டும். சேர்மனின் சிரிப்பு மெல்ல வற்றியது. ஜரிகை அசல் என்றால் பேட்டரி குற்றமற்றது. பேட்டரிதான் குற்றம் என்றால் ஜரிகை போலி. இரண்டில் எதை விடுவார் என்று எனக்குத் தெரியும்.

"எங்க கடை ஜரிகை ஒரிஜினல்தான்," என்றார் கடைசியில். "அதுல யாருக்கும் சந்தேகமே வாணாம்."

அப்படியானால் பேட்டரி மேல் தப்பில்லையே என்று கேட்டேன். இல்லைம்மா என்றார். கோயம்புத்தூருக்கு நான்தானே போகிறேன் என்று அதையும் எல்லோர் முன்னாலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த நிமிடமே மனிதர், ஒரு காரையே நிறுத்திப்போடும் அளவுக்குச் சுத்தமான ஜரிகை எங்கள் கடையைத் தவிர வேறெங்கே கிடைக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார். கைதட்டினார்கள். கார் எரிந்ததற்குக் கைதட்டிய கூட்டத்தை நான் அன்றுதான் பார்த்தேன். இப்படிப்பட்ட மூடர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி மாட்டிக்கொண்டேனே என்று நினைத்தபடி, ரொம்பச் சந்தோஷமாக மேடையை விட்டு இறங்கினேன்.

சாயங்காலம் பெட்டியைப் பிரித்தேன். ஓரத்தில் சில செல்கள் போயிருந்தன, மற்றவை நன்றாக இருந்தன. மாற்றிவிட்டால் கார் ஓடும். கருகிய இடத்தில் ஒரு நட்டு விரலால் தொட்டதும் சுழன்றது. அதன் தலையில் சிவப்புப் புள்ளி இருந்ததா என்று பார்த்தேன், ஒரே கரி, தெரியவில்லை. சூட்டில் இளகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு புது நட்டு போட்டேன்.

மறுநாள் சேர்மன் என்னைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். விளம்பரப் படமாம். கருகிய புடவையைக் கண்ணாடி மேசையில் விரித்து, அதன் ஜரிகை வழியாக மின்சாரம் பாய்ச்சி ஒரு பல்பை எரியவைத்துக் காட்ட வேண்டுமாம். இரண்டு வயரையும் பிடிக்க இன்ஜினியர் நான். ஓரமாக நின்று வியக்க, அதே உடுப்பில் தினகரன். நேற்று கல்லூரியின் மானம் போனதென்று கத்தியவர் இன்று அந்த ஓட்டையை வைத்துப் புடவை விற்கப்போகிறார். இவர்களுக்கெல்லாம் தோல் எதில் செய்தது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கேமராக்காரர் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். வேலையில் எனக்கு ஒரு பழக்கம், எதையும் இணைப்பதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவேன். முந்தானை ஜரிகையில் மீட்டரின் இரண்டு முனையையும் வைத்தேன். மின்சாரம் பாய்ந்தால் அது கூவும். கூவவில்லை. இன்னும் நெருக்கி வைத்தேன், வேறு இடத்தில் வைத்தேன். மீட்டரே கெட்டுப்போயிற்றோ என்று முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் கூவியது. கருகிய ஓட்டையின் விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தேன். பட்டு இழை சாம்பலாகியிருந்தது. ஜரிகை மட்டும் உருகிச் சின்னச் சின்ன மணியாகச் சுருண்டிருந்தது. வெள்ளி அப்படிச் சுருளாது. பிளாஸ்டிக்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அகப்பட்டார் சேர்மன். கேமரா இருக்கிறது, கடையில் கூட்டம் இருக்கிறது, ஒரு வார்த்தை போதும், காந்தி ரோடே சிரிக்கும். வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அடுத்த நினைப்பு வந்தது. இந்தப் புடவையில் மின்சாரம் பாயாதென்றால் இது பேட்டரியை ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்படியானால் வெடிக்க வைத்தது எது?

அந்த நட்டு. முடுக்காமல் விட்ட நட்டில் மின்சாரம் பாய்ந்தால் பொறி பறக்கும், வெடிப்பதற்கு அது போதும். தினகரனைத் திட்டப் போனபோது எந்த நட்டில் விட்டேன்? திரும்பி வந்து எதில் ஆரம்பித்தேன்? அவன் முகம் சுருங்கியது நினைவிருக்கிறது, பையன்கள் சிரித்தது நினைவிருக்கிறது. நட்டு நினைவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

சேர்மன் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. புடவையின் ஓரத்தை லேசாகத் தூக்கிக் காட்டினார். அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு செம்புக் கம்பி, ஏற்கெனவே கோத்துவைத்திருந்தார்கள். அதன் இரண்டு நுனியும் ஜரிகைக் கரையில் மேலே எட்டிப் பார்த்தன.

"இங்கயும் இங்கயும் வெச்சிப் புடிமா. அப்பத்தான் எரியும்."

"சார், இந்த ஜரிகை..."

"என் கடைச் சரக்கு எனக்குத் தெரியாதாம்மா?" குரலைத் தாழ்த்தினார். "புடவையால வெடிக்கலன்னு நேத்து மேடையிலயே எனக்குத் தெரியும். உனுக்கு இப்பத்தான் தெரியுது. நீ கோயம்புத்தூர் போவணுமா, வாணாமா?"

மிரட்டவில்லை. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கூட்டாளியிடம் பேசுவதைப்போல, கொஞ்சம் பிரியமாகவே கேட்டார். நேற்று முழுக்க நான் மூடர் என்று நினைத்த மனிதர், என் பொய்யையும் தன் பொய்யையும் ஒரே தராசில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கியிருக்கிறார். பேட்டரி மேல் தப்பில்லை என்று அவர் வாயால் நான் கேட்டு வாங்கினேனே, அதை அவர் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

கேமராக்காரர் ரெடி என்றார். நான் இரண்டு வயரையும் சேர்மன் காட்டிய இடத்தில் வைத்துப் பிடித்தேன். பல்பு எரிந்தது. தினகரன் கைதட்டினான். அவன் நிஜமாகவே வியந்தான், பாவம், அந்தக் கடையில் ஏமாற்றத் தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

சிரிங்க மேடம் என்றார் கேமராக்காரர். சிரித்தேன். என் கை பல்பை மறைத்துவிட்டது, இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம் என்றார். இந்த முறை எங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.