கீழ்நோக்கிய நீல அம்பு

1

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் முதல் மாடியில், சன்னலோர மேசையில், ஒரு பெண் தன் அலுவலக மின்னஞ்சலில் ‘பிறகு’ என்ற கோப்புறையைத் திறந்தார். படிக்காத கடிதங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் நாற்பத்தொன்று அவருடைய அப்பா எழுதியவை.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. அந்தப் பெண் என் மனைவி. இருபது வருடம் பத்திரிகையில் செய்தி எழுதியதால் தேதியும் நேரமும் இல்லாமல் எனக்கு வாக்கியம் ஓடாது. அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்பதில்தான் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

நாற்பத்தொரு கடிதங்களும் இருட்டில் காத்துக்கொண்டு [அடித்துவிட்டேன். கோப்புறைக்குள் இருட்டு கிடையாது.]

அந்த முதியவரின் மங்கிய விழிகளில் [இதுவும் வேண்டாம். மாமா படித்தால், “மங்கலா இருந்தது லென்ஸ் மாப்ள, நான் இல்ல” என்பார்.]

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மாமனார் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருட வேலை, இப்போது ஓய்வு. மாமி போன பிறகு ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் தனியாக இருக்கிறார். வேலையில் இருந்த நாளில் புகார்களை மூன்றாகப் பிரிப்பார். உள்ளே ஆள் மாட்டியிருந்தால் முதல் தரம்; பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே யாரும் இல்லை என்றால் இரண்டாம் தரம். கதவு கிறீச்சிடுகிறது, விளக்கு மினுக்குகிறது என்பதெல்லாம் மூன்றாம் தரம். அந்தப் பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே மாட்டியவர்களிடம் கதவுக்கு வெளியிலிருந்து மூன்றே வாக்கியம் சொல்வாராம்: “பதட்டப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. வந்துட்டேன்.”

போன வருடத் தொடக்கத்தில் யாரோ ஒருவர் அவருக்கு மின்னஞ்சலில் முக்கியத்துவம் குறிக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தார். அது கண்ணில் படுகிற இடத்தில் இல்லை. புதுக் கடிதம் எழுதும் பெட்டியின் மேல் ஓரத்தில் மூன்று புள்ளிகள். அதைத் தட்டினால் ஒரு பட்டியல். கடைசிக்கு முந்தைய வரியில் ‘முக்கியத்துவம்’. அதற்குள் அதிகம், சாதாரணம், குறைவு என்று மூன்று. அதிகம் என்றால் கடிதத்தின் தலையில் சிவப்பு ஆச்சரியக்குறி விழும். குறைவு என்றால் கீழ்நோக்கிய நீல அம்பு. சாதாரணத்துக்குக் குறியே கிடையாது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சிவப்பை எல்லோரும் போடுகிறார்கள். என் பழைய ஆசிரியர் மதியச் சாப்பாட்டுக்குக்கூடச் சிவப்பு போட்டுக் கூப்பிடுவார். தன் கடிதத்துக்குத் தானே நீலம் போட்டுக்கொள்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.)

“நம்ம கம்ப்ளெயின்ட் புக்கு மாதிரியே இருக்கே” என்று மாமா சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து மகளுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் நேர்மையாகத் தரம் பிரித்தார். எதிலும் ஆள் உள்ளே மாட்டவில்லை. எல்லாவற்றுக்கும் நீல அம்பு.

3

கடிதங்களிலிருந்து சில, மனைவியின் அனுமதியோடு:

மே: “நீ தேடின பச்சை ஸ்வெட்டர் கிடைச்சிருச்சு. வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி கிடந்துச்சு.”

ஜூலை: “கீழ் வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு. மூணு. ஒண்ணு நீ சின்னதுல கத்தின மாதிரியே கத்துது.”

நவம்பர்: “டிவில எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது. கழட்டிட்டேன்.”

டிசம்பர்: “டிவில கோளாறு ஒண்ணும் இல்ல. திருப்பி மாட்டல.”

ஜனவரி: “கண்ணுல புரையாம். டிவி மேல பழி போட்டது தப்பு.”

ஜனவரியில் நாங்கள் போனபோது டிவி தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. “சர்வீஸ் பண்றேன்” என்றார். மெக்கானிக் வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசுவார்கள். முடிக்கும்போது அவர், “மெயில் போட்டிருக்கேன் பாப்பா, அவசரமில்ல” என்பார். இவள், “சரிப்பா, பாக்கறேன்” என்பாள். உள்பெட்டியில் ஒன்றும் இருக்காது. அனுப்ப மறந்திருப்பார் என்று விட்டுவிடுவாள்.

கடைசி இரண்டு கடிதங்களை முழுதாகத் தருகிறேன்.

பிப்ரவரி 27: “அடுத்த வியாழன் இடது கண்ணுக்கு ஆபரேஷன். கூட ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணுமாம். முடிஞ்சா பாரு.”

மார்ச் 6: “ஆஸ்பத்திரில திருப்பி அனுப்பிட்டாங்க. கூட ஆள் இல்லாம செய்ய மாட்டாங்களாம். 13ஆம் தேதி குடுத்திருக்காங்க. அதுவும் தவறினா பேரு கடைசிக்குப் போயிடும், நாலு மாசம் ஆகும்னு சொல்றாங்க. உனக்கு லேபுல ஆள் கம்மின்னு தெரியும். புதன்கிழமை போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இன்னொரு கண்ணு இருக்கே.”

இரண்டுக்கும் நீல அம்பு.

4

இதுவரை எழுதியதை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள்.

“நான் அழுதேன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?”

“இல்லயே.”

“நல்லது. நான் அழல. அங்க ஏசி ஜாஸ்தி.” பக்கத்தைப் புரட்டினாள். “அது யாரு, யாரோ ஒருவர்?”

நான் அடுப்பைக் குறைத்தேன்.

“அப்பாவுக்கு அந்த மூணு புள்ளியைக் காட்டினது யாருன்னு ஊருக்கே தெரியும். சரி, போகட்டும். என் மெயில்ல அந்த விதியைப் போட்டது யாரு? அதைக் காணோமே. ஊர்ல இருக்கற மந்திரி எல்லாரையும் கேள்வி கேட்டு எழுதின ஆளு.”

ஆகவே இந்தப் பகுதி. இது முதல் வரைவில் இல்லை.

அவளுடைய அலுவலகத்தில் வண்டி நிறுத்தம், கேன்டீன், குழாய் ரிப்பேர் என்று சுற்றறிக்கைகள் நீல அம்போடு வந்து குவியும். தொல்லை தாங்கவில்லை என்றாள். மாமாவுக்கு மூன்று புள்ளியைக் காட்டிய அதே வாரத்தில், அவள் கணினியில் ஒரு விதி போட்டேன்: நீல அம்போடு வருவதெல்லாம் கண்ணில் படாமல் ‘பிறகு’ கோப்புறைக்குப் போகட்டும். இரண்டு நிமிட வேலை. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு காரியத்தையும் சேர்த்து யோசிக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மின்தடை அறிவிப்பைத் தேடி அவள் அந்தக் கோப்புறைக்குள் போகாமல் இருந்திருந்தால், அது இன்னும் திறக்கப்படாமலே இருந்திருக்கும்.

எழுதிவிட்டேன். அவள் படித்துவிட்டு, “ம்” என்றாள்.

5

கடிதங்களைப் படித்ததும் அவள் செய்தது என்ன என்பதற்கு இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் போன் செய்கிறாள், அப்பா உடனே சரி என்கிறார். இன்னொன்றில் அவர் புதன்வரை பொறுக்காமல் செவ்வாய் காலையே ஆஸ்பத்திரிக்குப் பேசி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். முதலாவது மாமாவைத் தெரியாதவன் எழுதியது. இரண்டாவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

நடந்தது இது. போன் செய்தாள்.

“அதெல்லாம் அவசரமில்ல பாப்பா” என்றார் அவர். “நீலந்தானே போட்டிருந்தேன்.”

“வியாழக்கிழமை நான் வரேன்.”

“லீவு போடாத. தண்ணி டெஸ்ட் பண்றவ நீ. நீ வரலைன்னா ஊரே என்னத்தைக் குடிக்கும்?”

“ஊரு ஒரு நாள் கொதிக்க வச்சுக் குடிக்கட்டும்ப்பா.”

“அடம் பிடிக்காத. நான் ஒண்ணும் உள்ள மாட்டிக்கல.” வைத்துவிட்டார். மறுபடி அழைத்தாள்; எடுக்கவில்லை.

அவள் புதுக் கடிதம் திறந்தாள். மூன்று புள்ளி, பட்டியல், கடைசிக்கு முந்தைய வரி. இதுவரை அவள் தொட்டே இராத இடம். ‘அதிகம்’ என்பதைத் தட்டினாள்.

“அப்பா, ஆள் உள்ள மாட்டியிருக்கு” என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. “எந்த மாடி?”

“முதல் மாடி. நான்தான். உங்க லெட்டர் ஒண்ணுகூட வராத இடத்துல ஒரு வருஷமா மாட்டியிருக்கேன். வியாழக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

இந்தத் தடவை இருபது நிமிடம் ஆனது. [இந்த இருபது நிமிடத்தில் மாமா என்ன செய்தார் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எனக்குத் தெரியாது என்பதால் எடுத்துவிட்டேன்.]

“பதட்டப்படாத. கதவைத் தள்ளாத. வரேன்.”

6

இதை அச்சுக்கு அனுப்புமுன் மாமா படிப்பார். அந்த விதியைப் போட்டது நான் என்று நான்காம் பகுதியில்தான் அவருக்குத் தெரியப்போகிறது. அதற்கு அவர் என்ன சொல்வார் என்று நான் எழுதப்போவதில்லை. மாமாவை இதற்குள் உங்களுக்கே கொஞ்சம் தெரிந்திருக்கும். நீங்களே சொல்லிப் பாருங்கள்.

மற்றது நடந்தபடி. மார்ச் 13, வியாழக்கிழமை, காலை ஏழரைக்கு என் மனைவி ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற கட்டத்தில் ‘மகள்’ என்று எழுதினாள். ஆபரேஷன் இருபத்திரண்டு நிமிடம் நடந்தது. போகும்போதும் வரும்போதும் மாமா லிஃப்டில் ஏற மறுத்தார். அதன் சத்தம் சரியில்லையாம். இரண்டு மாடியையும் மகள் கையைப் பிடித்தபடி படியிலேயே ஏறி இறங்கினார்.

‘பிறகு’ கோப்புறையை அவள் அழிக்கவில்லை. விதியை மட்டும் எடுத்துவிட்டாள்.

மார்ச் 24 காலையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. “டிவிய மாட்டிட்டேன். எழுத்து ஒண்ணாத்தான் இருக்கு.” தலையில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.

முக்கியத்துவம்: சாதாரணம்.