மீதி ஒன்பது

லிப்ட் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்தொரு வயதில் முதல் காதல் கடிதம் எழுதிய மனுஷனுக்கு வேறெப்படி இருக்கும்? நான்கு வாரம் எழுதிக் கிழித்து, ஒருவழியாக நேற்றுதான் முடித்திருந்தான். சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மருந்துக்கடைக்காரியிடம் கொடுத்துவிட வேண்டியது. அவளும் அவனைப் போலத் தனியாள். சரி என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? முகம் சுளித்தால் இந்த ஊரில் இருப்பதாகவே இல்லை.

அந்தக் குதூகலத்தில், காணிக்கைப் பை வந்ததும் சட்டைக்குள்ளிருந்த வெள்ளைக் கவரை எடுத்துப் போட்டான். பை இரண்டு வரிசை தாண்டியபிறகுதான் சட்டையைத் தடவிப் பார்த்தான். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருந்த தசமபாகக் கவர் ரூபாய் நோட்டுகளோடு தடிமனாக அங்கேயே இருந்தது.

"அக்கா, கவரை மாத்திப் போட்டுட்டேன்!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் அக்காவின் காதைக் கடித்தான்.

"அதனால என்ன, இன்னொண்ணையும் போடு. கடவுள் வேண்டாம்னா சொல்லப்போறாரு?"

அந்தச் சபையில் தசமபாகக் கவருக்குள் ஒரு நன்றிச் சீட்டும் வைப்பார்கள். பெயர் எழுதுவதில்லை. போதகர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்து ஜெபிப்பார். இந்த ஞாயிறு வரைக்கும் நல்ல வழக்கம்தான்.

ஐந்தாவதாக அவன் கவர் வந்தது.

"'மாதாமாதம் பத்தில் ஒன்றைத் தவறாமல் கடவுளுக்குக் கொடுத்துவிடுகிறேன்...'" போதகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "'மீதி ஒன்பதை வைத்துக்கொண்டு தனியாளாக என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ஒன்பதையும்...'"

"அல்லேலூயா!" கட்டட நிதிக்குப் பொறுப்பானவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"'...உங்களோடு சேர்ந்து செலவழிக்க ஆசை. உங்களைப் பார்ப்பதற்காகவே வாங்கிய தலைவலி மாத்திரை வீட்டில் ஒரு டப்பா நிறைய...'"

போதகர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். சபையில் மருந்துக்கடை வைத்திருப்பது ஒரே ஒருத்திதான். அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. மெக்கானிக் பெஞ்சுக்கடியில் நுழையப் பார்த்தான். அக்கா காலரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரி எழுந்தாள். காது மடல்வரை சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே நடந்துபோய்ப் போதகரிடம் கையை நீட்டினாள்.

"காணிக்கையில இதைச் சேர்த்துடாதீங்க ஐயா. இது எனக்கு வந்தது."